டெஸ்ட்2 என்ற பெயரில் ஒரு சம்பள சர்வர்

"பெயரைப் பார்த்ததுமே இது என்ன மெஷின் என்று தெரிந்துவிட வேண்டும்." விஎம்களுக்கு, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடுகிற மெய்நிகர் மெஷின்களுக்கு, பெயர் வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். புரொடக்‌ஷனா டெஸ்டா, வெப்பா டேட்டாபேஸா, எத்தனையாவது என்று பெயரிலேயே எழுதிவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது யோசிக்க வேண்டியதில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு இதில் நெடுநாளாக ஓர் உறுத்தல். பெயர் வைக்கிற அன்றைக்கு அது உண்மை. அதற்கப்புறம் அந்த மெஷின் வருஷக்கணக்கில் ஓடப் போகிறது. அதற்குள் அது செய்கிற வேலை மாறும், அதைப் பார்த்துக்கொண்டவர் வேறு வேலைக்குப் போவார், பக்கத்து மெஷின் படுத்துவிட்டால் அதன் வேலையும் இதன் தலையில் விழும். பெயர் மட்டும் அப்படியே இருக்கும். அர்த்தமில்லாத பெயரால் யாரையும் ஏமாற்ற முடியாது. அர்த்தமுள்ள பெயரால் முடியும்.

நான் பேசுவது பெரிய கிளவுடைப் பற்றி அல்ல. அங்கே மெஷின்களைப் பெற்றெடுப்பதே ஸ்கிரிப்ட்தான். ஐ என்ற எழுத்துக்குப் பின்னால் பதினேழு ஹெக்ஸ் எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளத்தை அமேசானே கொடுத்துவிடும், டேக் போட்டுத் தேடிக்கொள்ளலாம். சர்வர்களைச் செல்லப்பிராணி மாதிரி வளர்ப்பதா, மந்தை மாதிரி ஓட்டுவதா என்ற வாதமும் அந்த உலகத்துடையது. மைக்ரோசாஃப்டில் இருந்த பில் பேக்கர் சொன்னதை 2012 வாக்கில் கிளவுட் துறையைச் சேர்ந்த ராண்டி பயஸ் பரப்பினார். ஒரே ஒரு இரும்புப் பெட்டியை வைத்துக்கொண்டு, அதற்குள் இருபது முப்பது விஎம் ஓட்டுகிற இடங்களுக்கு அந்த வாதத்தால் பெரிய பயன் இல்லை. அங்கே ஒவ்வொரு மெஷினையும் யாரோ ஒருவர் கையால் உருவாக்கியிருப்பார், ஏதோ ஓர் அவசரத்தில். பட்டியலைத் திறந்தால் நியூ, நியூ2, ஓல்ட், டெம்ப், காப்பி, ஃபைனல், எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் பெயர், நடுவே எல்லா விதிகளுக்கும் அடங்கிய ஒரு 'புராட்-வெப்-01'. அந்த 01-க்கு 02 எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இடம் தீர்ந்த அன்று

ஒரு சின்ன அலுவலகத்தின் சர்வரை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லினக்ஸ், அதில் விஎம்களுக்கு அடித்தளமான கேவிஎம், மேலே அவற்றை நிர்வகிக்கிற லிப்விர்ட்; வழக்கமான அமைப்புதான். ஒருநாள் அங்கே பொறுப்பில் இருந்த இளைஞர் கூப்பிட்டார். பாதி மெஷின்கள் உறைந்துபோய் நிற்கின்றன, ஆனால் எதுவும் அணையவில்லை என்றார். மெஷின்களின் பட்டியல் தருகிற 'விர்ஷ் லிஸ்ட்' கட்டளையைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏழெட்டு மெஷின்களுக்கு நேரே 'பாஸ்டு' (இடைநிறுத்தம்) என்றிருந்தது. ஹோஸ்டில், அதாவது விஎம்களைத் தாங்குகிற அந்த இரும்புப் பெட்டியில், டிஸ்க் நிறைந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்களை ஓட்டுகிற க்யூஎமு மென்பொருளிடம் இது ஒரு நல்ல குணம். விருந்தாளி மெஷின் எழுதப் போகிறது, எழுத ஹோஸ்டில் இடமில்லை என்றால், பிழையை உள்ளே தள்ளிவிட்டு அதன் ஃபைல் சிஸ்டத்தைக் கெடுக்காமல் அந்த விஎம்மை அப்படியே நிறுத்தி வைக்கும். இடம் கிடைத்ததும் 'ரெஸ்யூம்' என்றால் விட்ட இடத்திலிருந்து ஓடும். விஎம்களுக்கு டிஸ்க்காக இருக்கும் க்யூகவ்2 ஃபைல்களை நூறு நூறு ஜிபி என்று தாராளமாக அறிவித்துவிட்டு, அவை மெல்ல மெல்ல வளர்ந்து ஹோஸ்டை நிரப்பும்வரை யாரும் கூட்டிப் பார்க்காமல் இருந்ததன் விளைவு இது.

ஆக, எதையாவது அழித்து இடம் பண்ண வேண்டும். போனிலேயே பேச்சு தொடர்ந்தது.

"அண்ணா, டெஸ்ட்2-ன்னு ஒண்ணு இருக்கு. அதோட டிஸ்க்தான் எல்லாத்தையும் விடப் பெருசு. தூக்கிடலாமா?"

"யாரோடது அது?"

"தெரியலண்ணா. நான் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு. டெஸ்ட்னுதானே போட்டிருக்கு?"

அவரிடம் தப்பே இல்லை. பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட வேண்டும் என்ற அறிவுரையைத்தான் அவர் பின்பற்றினார். பெயர் 'சோதனை' என்று சொல்கிறது, மேலாளர் பக்கத்தில் நின்று எப்போது சரியாகும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், ஒரே கட்டளையில் பிரச்சினை தீரும். ஆனால் எனக்கு இடித்தது வேறொன்று: சோதனை மெஷின் என்றால் அதன் டிஸ்க் ஏன் இவ்வளவு வளர வேண்டும்? சும்மா கிடக்கிற மெஷினின் ஃபைல் ஓர் அளவுக்கு மேல் பெருக்காது. யாரோ அதற்குள் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மெஷின் நின்றிருந்ததால் உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. வெளியிலிருந்துதான் விசாரிக்க வேண்டும். அதன் நெட்வொர்க் கார்டைக் கேட்டோம். 52:54:00 என்று தொடங்குகிற ஒரு மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், வந்தது. க்யூஎமு மெஷின்களுக்கு வழக்கமாக வருகிற முன்னொட்டு அது. எந்த மெஷினுக்கு எந்த ஐபி கொடுத்தோம் என்று ரவுட்டர் வைத்திருக்கும் டிஹெச்சிபி பட்டியலில் அந்த முகவரியைத் தேடினால் ஓர் ஐபி. பெயரையும் ஐபியையும் இணைக்கிற உள் டிஎன்எஸ்ஸில் அந்த ஐபியைத் தலைகீழாகத் தேடினால் கிடைத்த பெயர்: பேரோல். சம்பளப் பட்டியல். இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கதை அதோடு முடியவில்லை. அடுத்து டிஸ்க்கைப் பார்த்தோம். 'க்யூஎமு-இமேஜ் இன்ஃபோ' கட்டளையில், பூட்டிய ஃபைலையும் படிக்க அனுமதிக்கிற யு கொடியைச் சேர்த்துக் கொடுத்தால், ஒரு வரியில் 'பேக்கிங் ஃபைல்' என்று வந்தது. அதற்கு நேரே அக்கவுண்ட்ஸ் என்ற மெஷினின் டிஸ்க். அதாவது டெஸ்ட்2-வின் டிஸ்க் முழு டிஸ்க்கே அல்ல. அடியில் அக்கவுண்ட்ஸ் டிஸ்க் இருக்கிறது, அதற்குப் பிறகு மாறியவை மட்டும் மேலே தனி ஃபைலில் சேர்கின்றன. பட்டியலில் அந்த அக்கவுண்ட்ஸ் மெஷின் 'ஷட் ஆஃப்' நிலையில் இருந்தது. அழிக்கலாம் என்று இளைஞர் போட்டு வைத்திருந்த வரிசையில் இரண்டாவது பெயர் அது.

பழைய மின்னஞ்சல்களையும் ஃபைல் தேதிகளையும் வைத்துப் பிறகு கோர்த்துப் பார்த்ததில் நடந்தது இதுதான். முன்பு இருந்தவர் கணக்கு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்ற நினைத்திருக்கிறார். நேரடியாகக் கை வைக்கப் பயந்து, அக்கவுண்ட்ஸை நிறுத்தி, அதன் டிஸ்க் மீது ஒரு மேலடுக்கை உருவாக்கி, டெஸ்ட்2 என்று பெயரிட்டு அதில் முயன்றிருக்கிறார். மிகச் சரியான வேலை. அப்டேட் ஒழுங்காக நடந்தது. நடந்ததைத் திரும்ப ஒருமுறை பழைய மெஷினில் செய்வானேன் என்று டிஎன்எஸ்ஸை மட்டும் டெஸ்ட்2 பக்கம் திருப்பிவிட்டார். பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. சம்பளக் கணக்கும் அதிலேயே வந்து சேர்ந்தது. நல்ல பெயரோடு ஒரு செத்த மெஷின், கெட்ட பெயரோடு ஓர் உயிருள்ள மெஷின். இரண்டில் எதை அழித்திருந்தாலும் சம்பளம் போயிருக்கும். போதாக்குறைக்கு, டெஸ்ட்2 அணைந்திருக்கும் வேளையில் யாராவது அக்கவுண்ட்ஸைச் சும்மா ஒருமுறை கிளப்பியிருந்தாலும் போதும். அடி ஃபைலில் ஒரு சில பிளாக் மாறினாலே மேலடுக்கை நம்ப முடியாது.

இடம் கடைசியில் வேறெங்கோ கிடைத்தது. லிப்விர்ட்டில் ஒரு மெஷினை 'அன்டிஃபைன்' செய்தால் அதன் விவரக் குறிப்புதான் போகும். ஸ்டோரேஜையும் எடு என்று தனியாகச் சொல்லாவிட்டால் டிஸ்க் ஃபைல் அப்படியே கிடக்கும். இமேஜஸ் ஃபோல்டரில் இருந்த ஃபைல்களை ஒரு பக்கமும், இருக்கிற மெஷின்கள் பயன்படுத்தும் டிஸ்க்குகளையும் அவற்றின் அடி ஃபைல்களையும் இன்னொரு பக்கமும் வைத்து ஒப்பிட்டோம். எப்போதோ நீக்கப்பட்ட மெஷின்களின் டிஸ்க்குகள் வாரிசு இல்லாமல் கிடந்தன. கூடவே ஒரு குவியல் ஐஎஸ்ஓ நிறுவல் ஃபைல்கள். அவற்றில் கொஞ்சத்தை வெளி டிரைவுக்கு நகர்த்தியதுமே மூச்சு வந்தது. பிறகு ஆள் இல்லாத ஒரு வார இறுதியில் 'பிளாக்புல்' கட்டளையால் அடி ஃபைலில் இருந்ததையெல்லாம் டெஸ்ட்2-வின் டிஸ்க்குக்கே இழுத்துக்கொண்டோம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம்.

ஒரே மெஷின், ஐந்து பெயர்

டெஸ்ட்2 மறுபடி ஓடத் தொடங்கியதும் உள்ளே போய்ப் பார்த்தேன். ஹோஸ்ட்நேம் (மெஷின் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) 'உபுண்டு', நிறுவிய லினக்ஸின் பெயரேதான். நிறுவியபோது என்டர் தட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆக ஹைப்பர்வைசரில் (விஎம்களை ஓட்டும் மென்பொருளில்) டெஸ்ட்2, உள்ளே உபுண்டு, டிஎன்எஸ்ஸில் பேரோல். பேக்கப் மென்பொருளில் வேறொரு பெயர், கண்காணிப்புத் திரையில் இன்னொன்று. அந்த அலுவலகம் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். எங்கே போய்க் கிளறினாலும் குறைந்தது மூன்று பெயராவது தேறும்.

பெயரை மாற்ற வேண்டியதுதானே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். லிப்விர்ட்டில் 'டாம்ரீநேம்' என்ற பெயர் மாற்றும் கட்டளை வேலை செய்ய மெஷின் அணைந்திருக்க வேண்டும். சம்பள மெஷினை அழகுக்காக அணைக்க யார் சம்மதிப்பார்கள்? அணைத்து மாற்றினாலும் டிஸ்க் ஃபைலின் பெயர் மாறாது. உள்ளே இருக்கிற ஹோஸ்ட்நேம் அதற்குச் சம்பந்தமே இல்லாத தனி விஷயம். ஃபயர்வால் விதி, சான்றிதழ், நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகள், யாரோ தன் லேப்டாப்பில் எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்காணிப்பில் மாற்றினால் பல மென்பொருள்களில் பழைய வரைபடம் போய்ப் புதிதாகத் தொடங்கும். விஎம்வேர் என்ற இன்னொரு விஎம் மென்பொருளிலும் பட்டியலில் பெயரை மாற்றினால் டேட்டாஸ்டோரில் (டிஸ்க் ஃபைல்களின் இருப்பிடத்தில்) இருக்கும் ஃபோல்டரும் ஃபைல்களும் பழைய பெயரிலேயே இருக்கும். ஸ்டோரேஜ் விமோஷன் செய்து வேறு இடத்துக்கு நகர்த்தும்போதுதான் அவை புதுப் பெயருக்கு மாறும். பெயரை மாற்றுவதால் யாருக்கும் உடனடி லாபம் இல்லை, தொல்லை மட்டும் நிச்சயம். அதனால்தான் யாரும் கை வைப்பதில்லை. கடைசிவரை மாற்றப் போவதில்லை என்று தெரிந்தே வைக்கிற பெயரில், மாறிக்கொண்டே இருக்கும் சங்கதியை ஏன் எழுத வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இது புதிதாக நான் கண்டுபிடித்ததல்ல. இணையத் தொழில்நுட்பக் குறிப்புகளின் வரிசையில் 1990 ஆகஸ்டில் வந்த ஆர்.எஃப்.சி. 1178 கணினிக்குப் பெயர் வைப்பதைப் பற்றியே எழுதப்பட்ட சின்ன ஆவணம். டான் லீப்ஸ் எழுதியது. மெஷினுக்கு அது செய்யும் திட்டத்தின் பெயரை வைக்காதே, உன் சொந்தப் பெயரை வைக்காதே என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. ஒரு தொழிற்கூடத் திட்டத்துக்கு வந்த மெஷினுக்கு 'ஷாப்' என்று பெயர் வைத்தார்களாம். இரண்டாவது மெஷின் வந்தபோது அதற்கு அந்தப் பெயர் வைக்க முடியவில்லை. பிறகு முதல் மெஷினே சம்பந்தமில்லாத வேறு திட்டத்துக்குப் போய்விட்டது. பூக்கள், தனிமங்கள், நிறங்கள் என்று ஏதாவது ஒரு வகையிலிருந்து எடுத்துக்கொள் என்கிறது அந்த ஆவணம். அப்போது மெஷின் என்றால் ஆள் வைத்துத் தூக்க வேண்டிய பொருள். ஒன்று வாங்கினால் பல வருஷம் அதே ஒன்றுதான். இன்றைக்கு ஒரு நிமிஷத்தில் இன்னொன்றை உருவாக்கலாம், அதே நிமிஷத்தில் ஒன்றின் வேலையை இன்னொன்றுக்கு மாற்றலாம். 1990-ஐ விட இப்போதுதான் அந்த அறிவுரை அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் பூக்களின் பெயரை வைப்பது சின்னப்பிள்ளைத்தனம் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

ஊர்-அறை-சூழல்-வேலை-எண் என்று கோடு கோடாக இழுக்கிற பெரிய நிறுவனப் பெயரிடல் முறைகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. விண்டோஸில் நெட்வொர்க்குக்கான பழைய நெட்பயாஸ் பெயர் 15 எழுத்தோடு வெட்டுப்படும். முக்கியமான எண் கடைசியில் இருந்தால் இரண்டு மெஷின்கள் ஒரே பெயரில் வந்து நிற்கும்.

எண் மட்டும் பொய் சொல்லாதா?

ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற விஎம் நிர்வாக மென்பொருள் எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் இந்தப் பெயர் விவகாரம்தான். அங்கே மெஷினின் உண்மையான அடையாளம் ஓர் எண், 100-லிருந்து தொடங்கும். விவரக் குறிப்பு அந்த எண்ணின் பெயரில் சேமிக்கப்படும், டிஸ்க் 'விஎம்-104-டிஸ்க்-0' என்றிருக்கும். பெயர் மேலே ஒட்டிய சீட்டு மட்டுமே, எப்போது வேண்டுமானாலும் பிய்த்து ஒட்டலாம், அடியில் ஒன்றும் அசையாது. வலைத்திரையில் ஒரு மெஷினை நீக்கப் போனால் அந்த எண்ணைக் கையால் தட்டச் சொல்லும். டெஸ்ட் என்ற பெயரைப் பார்த்த வேகத்தில் அழுத்தப் போகும் விரலுக்கு அது ஒரு சின்ன வேகத்தடை. தவிர, 'புரொடெக்‌ஷன்' (பாதுகாப்பு) என்ற தேர்வை இயக்கி வைத்தால் நீக்கவே விடாது.

ஆனால் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 104-ஐ அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கினால், காலியாக இருப்பதில் மிகச் சிறிய எண்ணைத்தான் அது வழக்கமாக நீட்டும். மறுபடி 104. பேக்கப் ஃபைல்களின் பெயரிலும் அந்த எண்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரே 104-க்கு வரிசையாக பேக்கப். முதல் பாதி பழைய மெயில் சர்வர், பிற்பாதி யாரோ வைத்த விக்கி. அதனால் ஒருமுறை பயன்படுத்திய எண்ணைத் திரும்பப் பயன்படுத்துவதில்லை என்று வைத்திருக்கிறேன். எண்ணுக்குப் பஞ்சமா என்ன!

குளோன் (நகல் மெஷின்) எடுப்பவர்கள் இன்னோர் அடையாளத்தை மறந்துவிடுவார்கள். பெயரை மாற்றினாலும், உள்ளே 'மெஷின்-ஐடி' என்ற ஃபைல் பழையபடியே இருக்கும். சிஸ்டம்டி என்ற அடிப்படை மென்பொருள் வழியாக டிஹெச்சிபியில் ஐபி கேட்கும் லினக்ஸ்களில் அந்த ஐடியிலிருந்துதான் அடையாளம் பிறக்கிறது. மேக் முகவரி வேறாக இருந்தாலும் இரண்டு குளோன்களும் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும். தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் சாவிகளும் அப்படியே இரட்டிப்பாகும். 'விர்ட்-சிஸ்பிரெப்' என்ற கருவி இவற்றைத் துடைத்துக் கொடுக்கிறது. டெம்ப்ளேட் எடுக்கும் முன் ஓட்டிவிட்டால் நிம்மதி.

நான் இப்போது செய்வது

மெஷினுக்கு அர்த்தமில்லாத ஒரு பெயர், கூடவே அது செய்யும் வேலைக்கு டிஎன்எஸ்ஸில் ஒரு மாற்றுப்பெயர். பயனாளர்களும் மற்ற மெஷின்களும் மாற்றுப்பெயரைத்தான் கூப்பிட வேண்டும். வேலை வேறு மெஷினுக்கு மாறினால் அந்த ஒரு வரி மட்டும் மாறும். டெஸ்ட்2 விஷயத்தில் முன்னவர் டிஎன்எஸ்ஸை மட்டும் திருப்பியது உண்மையில் நல்ல காரியம். மெஷினின் பெயரில் 'டெஸ்ட்' என்ற வாக்குமூலம் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. இரவு இரண்டு மணி அலாரத்துக்கும் பதில் உண்டு: அலாரச் செய்தியில் வேலை என்ன என்பதைக் கண்காணிப்பு மென்பொருளின் குழுவிலிருந்தோ லேபிளிலிருந்தோ கொண்டுவரலாம். விண்டோஸ் ஃபைல் ஷேர்களில் மட்டும் இந்த மாற்றுப்பெயர் சட்டென்று ஒத்துழைக்காது. கண்டிப்பான பெயர்ச் சரிபார்ப்பு, கெர்பராஸ் என்ற உள்நுழைவு முறை என்று ஏதாவது ஒன்று முட்டும். அந்த சர்வரிலேயே கூடுதல் பெயராகப் பதிந்துவிடுவது மேல்.

பெயரை விட எனக்கு முக்கியமாகிவிட்டது குறிப்புப் பெட்டி. லிப்விர்ட்டில் ஒவ்வொரு மெஷினுக்கும் தலைப்பு, விவரம் என்று இரண்டு இடம் இருக்கிறது, 'விர்ஷ் டெஸ்க்' என்று போட்டு எழுதலாம். மெஷின் ஓடும்போதே எழுதலாம், எதுவும் உடையாது. ப்ராக்ஸ்மாக்ஸில் 'நோட்ஸ்'. யார் கேட்டு உருவாக்கினோம், எதற்கு, இதை நம்பி இருப்பது எது, இதன் டிஸ்க் எதன் மீது நிற்கிறது, எப்போது திரும்பப் பார்க்க வேண்டும். நாலைந்து வரி. டெஸ்ட்2-வில் அந்தப் பெட்டி காலியாக இருந்தது. நான் பார்த்த பெரும்பாலான சர்வர்களிலும் காலிதான். பெயருக்கு விதி வகுக்க மூன்று கூட்டம் போடுகிறவர்கள் இந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தீராத வியப்பு.

அழிப்பதிலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. சந்தேகத்துக்குரிய மெஷினை முதலில் நிறுத்திவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். இதில் இரண்டு ஓட்டை. ஆட்டோஸ்டார்ட்டை எடுக்க மறந்தால் ஹோஸ்ட் ரீஸ்டார்ட் ஆகும்போது அந்த மெஷினும் சத்தமில்லாமல் எழுந்துகொள்ளும். நாம் அது நின்றிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்போம். இரண்டாவது, எவ்வளவு நாள் காத்திருப்பது? இரண்டு வாரம் யாரும் கத்தவில்லை என்றால் வேண்டாத மெஷின் என்று முடிவு செய்கிறார்கள். மாதக் கடைசியில் மட்டும் வேலை செய்கிற மெஷினுக்காக மாத நடுவில் யார் கத்துவார்கள்? சம்பளம், கணக்கு சம்பந்தப்பட்டவற்றில் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கிற அறிக்கைகள் உண்டு. எனவே நிறுத்தி, ஆட்டோஸ்டார்ட்டை எடுத்து, ஒரு மாதச் சுற்று முடிந்தபின் டிஸ்க்கையும் எக்ஸ்எம்எல் விவரக் குறிப்பையும் மலிவான வேறு டிரைவுக்கு நகர்த்திவிடுவேன். ஹோஸ்டில் இடம் உடனே கிடைத்துவிடும், அழிக்கிற முடிவு மட்டும் பிறகு. அந்த அலுவலகத்தின் பழைய அக்கவுண்ட்ஸ் டிஸ்க்கையும் அடுக்குப் பிரித்தபின் அப்படித்தான் வெளியே வைத்தோம். வருஷக் கணக்கு முடித்துத் தணிக்கைக்காரரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான், என்னிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு, தம்பி அதை அழித்தார்.